டிரா செய்தால் போதும்

டோக்கியோவில் பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் காஷிமா வந்துவிடும். பசிபிக் கடலோரத்து ஊர். ஒரு பக்கம் உருக்காலையின் புகைபோக்கிகள். இன்னொரு பக்கம் பழம்பெரும் ஷிண்டோ கோயில், அதன் வளாகத்தில் மான்கள். ஊர்ப்பெயரை ஜப்பானிய எழுத்தில் பிரித்துப் படித்தால் 'மான் தீவு' என்று வரும். அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்துக்கு ஆன்ட்லர்ஸ், அதாவது மான் கொம்புகள், என்று பெயர் வைத்ததும் அதனால்தான். கழகத்தின் மைதானத்துக்கு வெளியே ஒரு சிலை நிற்கிறது. சிலைக்கு உரியவர் ஜப்பானியர் அல்ல. பூமிப்பந்தின் நேர் மறுபக்கத்தில், ரியோ டி ஜெனிரோவின் குயின்டினோ என்ற புறநகரில், தையற்காரர் ஒருவரின் ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1953 மார்ச் 3 அன்று பிறந்தவர். ஆர்தர் அந்தூனஸ் கோயிம்ப்ரா என்பது முழுப்பெயர். உலகத்துக்கு ஜீக்கோ.

நம் ஊரில் பழைய கால்பந்து ரசிகர் யாரிடமாவது ஜீக்கோ என்று சொல்லிப் பாருங்கள். உலகக் கோப்பையைத் தொடாத மேதை என்பார்; 86இல் பெனால்ட்டியைக் கோட்டைவிட்டவர் என்பார். இரண்டும் உண்மை. ஆனால் அந்த இரண்டோடு கதையை மூடிவிட்டால் பாதி மனிதரைத்தான் பார்த்திருப்போம். அழகாக ஆடித் தோற்ற ஓர் அணியின் முகமாக இருந்தவர், பிற்காலத்தில் உருவாக்கிய கழகம் எதற்குப் பெயர் பெற்றது தெரியுமா? எப்படியாவது ஜெயித்துவிடுவதற்கு. அன்றைய ஜீக்கோவுக்கும் இன்றைய ஜீக்கோவுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதுதான்.

குயின்டினோவில் அவர்கள் வீடே ஒரு கால்பந்து வீடு. அண்ணன்மார் ஆடினார்கள்; எடு என்ற அண்ணன் பிரேசில் அணிவரை போனார். தம்பியையும் தாங்கள் ஆடிய அமெரிக்கா என்ற ரியோ கழகத்தில் சேர்க்கப் பார்த்தார்கள். அதற்குள் வானொலி ஒலிபரப்பாளர் செல்சோ கார்சியா பையனின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 1967இல் ஃபிளமெங்கோவுக்கு அழைத்துப் போனார். அப்பா தீவிர ஃபிளமெங்கோ ரசிகர். அவருக்கு வேறென்ன வேண்டும். பையனிடம் ஒரு குறைதான். ஊதினால் பறந்துவிடுவான். எலும்பும் தோலுமாக வந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்குக் கழகம் பல ஆண்டுகள் சத்துணவும் தசைப் பயிற்சியும் கொடுத்து உடம்பைத் தேற்றியது. கால் வித்தையை யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பைத்தான் செய்து கொடுத்தார்கள். 'குயின்டினோவின் சேவல் குஞ்சு' என்று வானொலி வர்ணனையாளர்கள் செல்லமாகக் கூப்பிட்டது கடைசிவரை நிலைத்தது.

ஃப்ரீ கிக்குக்கு அவர் பழகிய விதம் பிரேசிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனபின், கோல் கம்பத்தின் மேல்மூலையில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு, அதைக் குறிவைத்துப் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார். பிறவி மேதை என்று நாம் சொல்கிற ஆட்களின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்றைய மரக்கானா மைதானத்தை இன்றைய ரசிகர் கற்பனை செய்வது கடினம். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வரும் நாட்கள் சாதாரணம். ஆடுகளத்தை ஒட்டி 'ஜெரால்' என்றொரு பகுதி. அங்கே இருக்கை கிடையாது, நின்றுதான் பார்க்க வேண்டும், டிக்கெட் மிக மலிவு. கூலிக்காரரும் வேலையற்றவரும் வேஷம் போட்டுக்கொண்டு வருபவரும் அங்கேதான் நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்கு வீரர்களின் கால்தான் தெரியும் என்பது ரியோக்காரர்களின் பழைய கேலி. ஜீக்கோ அந்த மைதானத்தில் அடித்த கோல்கள் 300க்கு மேல். வேறு எவரும் அங்கே அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. 2005இல் ஜெராலை மூடினார்கள். 2014 உலகக் கோப்பைக்காக மொத்த மைதானத்தையும் பிரித்து மேய்ந்து, சுமார் 78,000 இருக்கைகளோடு புதிதாக்கினார்கள். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜீக்கோவை ஜீக்கோவாக்கிய அந்த ஏழைக் கூட்டம் இன்று டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுகிறது.

ஃபிளமெங்கோவுக்கு அவர் காலம் பொற்காலம். 1981 நவம்பரில் சிலியின் கோப்ரெலோவாவுக்கு எதிரான லிபர்டடோரஸ் கோப்பை இறுதிப்போட்டி மூன்றாவது ஆட்டம்வரை போனது; மொண்டெவிடியோவில் நடந்த அதில் ஃபிளமெங்கோ அடித்த இரண்டு கோல்களும் ஜீக்கோவுடையவை. மூன்று வாரம் கழித்து டிசம்பர் 13, டோக்கியோ. எதிரே ஐரோப்பாவின் சாம்பியன் லிவர்பூல். இடைவேளைக்குள்ளேயே 3-0. மூன்றில் ஒன்றுகூட அவர் அடித்ததல்ல. ஆனால் மூன்றும் அவர் காலிலிருந்து புறப்பட்டவை. ஆட்ட நாயகனுக்குப் பரிசாக டொயோட்டா கார். அன்று டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்த ஜப்பானியர்கள் அந்த மனிதரை மறக்கவில்லை என்பது பத்து வருடம் கழித்துத் தெரிந்தது.

பிரேசிலின் மஞ்சள் சட்டை மட்டும் அவரிடம் ஓரவஞ்சனை செய்தபடியே இருந்தது. 1972 ஒலிம்பிக் அணியில் இடமில்லை என்றபோது கால்பந்தையே விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். நான்டோ என்ற அண்ணன் ராணுவ ஆட்சியின் கையில் சிக்கியவர். அதன் நிழல்தான் தம்பிமார் மேலும் விழுந்தது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. 1978இல் அர்ஜென்டினாவில் ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டம் 1-1. கடைசி நொடிகளில் கார்னர் கிக். பந்து காற்றில் வருகிறது, ஜீக்கோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்புகிறார். வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ், பந்து காற்றில் இருந்தபோதே நேரம் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார். சட்டப்படி அவர் செய்தது சரியாகக்கூட இருக்கலாம். கார்னர் அடிக்க அனுமதித்துவிட்டு அது வந்து விழும்வரை பொறுக்க முடியாத அவசரம் என்னவோ!

பிறகு 1982, ஸ்பெயின். டெலே சந்தானா பயிற்சியாளர். நடுகளத்தில் ஜீக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ, செரேசோ. இந்தச் சாக்ரடீஸ் மருத்துவம் படித்தவர், தாடியும் உண்டு. அந்த நால்வரும் பந்தை வைத்துக்கொண்டு செய்ததை ஆட்டம் என்று சொல்வதா கச்சேரி என்று சொல்வதா தெரியவில்லை. சோவியத் யூனியன் 2-1, ஸ்காட்லாந்து 4-1, நியூசிலாந்து 4-0, அர்ஜென்டினா 3-1. ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் இத்தாலி. அரையிறுதிக்குப் போக பிரேசில் ஜெயிக்கவே வேண்டியதில்லை. டிரா செய்தால் போதும்.

ஐந்தாவது நிமிடத்தில் பாவ்லோ ரோஸி ஒரு கோல். ஜென்டிலே என்ற பின்கள வீரர் ஜீக்கோவின் நிழலாக ஒட்டிக்கொண்டு, பிடித்து இழுத்ததில் சட்டையே கிழிந்தது. அந்தப் பிடியிலிருந்து ஒரே ஒரு சுழற்சியில் நழுவி ஜீக்கோ தள்ளிய பந்தைச் சாக்ரடீஸ் கோலாக்கினார். 1-1. செரேசோ அலட்சியமாகக் குறுக்கே தள்ளிய பந்தைப் பறித்து ரோஸி மறுபடியும் கோல். 68ஆவது நிமிடத்தில் ஃபால்காவோ சமன் செய்கிறார். 2-2. இங்கேதான் வேறு எந்த அணியாக இருந்தாலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கும். பிரேசில் மூன்றாவது கோலைத் தேடி முன்னே போனது. 74ஆவது நிமிடத்தில் கார்னர் கிக்கைச் சரியாக வெளியேற்றாமல் விட்டதில் ரோஸி மூன்றாவதையும் அடித்தார். முடிவு 3-2. கடைசியில் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தை நாற்பது வயது கோல்கீப்பர் டினோ சோஃப் கோட்டின்மேல் அமுக்கிப் பிடித்தது வரை மூச்சுவிட முடியாத ஆட்டம் அது.

அன்று செத்தது கால்பந்து என்ற பொருளில் ஜீக்கோவே பின்னாளில் பேசியிருக்கிறார். ரசிகராக நானும் பல வருடம் அதை நம்பினேன். இப்போது சந்தேகம். செத்தது ஒரு நம்பிக்கை: அழகு இருந்தால் மற்றது தானாக வரும் என்ற நம்பிக்கை. 

1983இல் இத்தாலியின் உதினேசே கழகம் அவரை விலைக்குக் கேட்டது. இவ்வளவு சிறிய கழகத்துக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் தடை போட, உதினே நகரத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். 'ஜீக்கோவைக் கொடு, இல்லையேல் ஆஸ்திரியாவோடு போகிறோம்' என்பது கோஷம். 1866 வரை ஆஸ்திரியாவின் கீழ் இருந்த ஊர் என்பதால் மிரட்டலுக்கு ஒரு சரித்திர ருசியும் இருந்தது. தடை நீங்கியது. முதல் பருவத்தில் ஜீக்கோ அடித்த லீக் கோல்கள் 19. முதலிடம் பிடித்த பிளாட்டினிக்கு ஒன்றுதான் கூட, அதுவும் அதிக ஆட்டங்களில். கோப்பை எதுவும் வரவில்லை. உதினேக்காரர்கள் அதற்காக அவரைக் குறை சொல்லிக் கேட்டதில்லை.

1985இல் ஃபிளமெங்கோவுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், பாங்கு அணியின் வீரர் ஒருவர் பாய்ந்து வந்து உதைத்ததில் முழங்கால் சிதைந்தது. அறுவைச் சிகிச்சைகளுக்கு நடுவே, அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் மெக்சிகோ உலகக் கோப்பைக்குப் போனார். 1986 ஜூன் 21, குவாதலஹாரா, பிரான்ஸுக்கு எதிரான காலிறுதி, 1-1. மாற்று வீரராக உள்ளே வந்தவர், வந்த சூட்டில் நறுக்கென்று ஒரு பாஸ் கொடுத்து பிராங்கோவை கோல்கீப்பரோடு தனியே விட்டார். பெனால்ட்டி கிடைத்தது. அதை அடிக்க முன்வந்ததும் அவரே. உடம்பு இன்னும் சூடேறாத மனிதரின் காலிலிருந்து வந்த பந்தை ஜோயல் பாட்ஸ் தடுத்துவிட்டார். பிறகு நடந்த பெனால்ட்டி சுற்றில் ஜீக்கோ தன்னுடையதைச் சரியாகவே அடித்தார். தவறவிட்டவர்கள் சாக்ரடீஸும் ஜூலியோ செசாரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழி மட்டும் ஒருவர் கணக்கில் ஏறியது.

1989 டிசம்பரில் ஃபிளமெங்கோவுக்காகக் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம். ஃப்ளூமினென்சேவை 5-0 என்று வென்றதில் முதல் கோல் அவருடைய ஃப்ரீ கிக். அதற்குப்பின் கொஞ்சகாலம் அரசியல். அதிபர் கோலோர் அரசில் விளையாட்டுத் துறைச் செயலாளராக ஓராண்டு போல இருந்தார். கழகங்கள் வணிக நிறுவனங்களாக மாற வழிவிடும் சட்டம் ஒன்றுக்கு அவர் போட்ட அடித்தளம், அவர் பதவி விலகிய பின் 1993இல் 'ஜீக்கோ சட்டம்' என்ற பெயரிலேயே நிறைவேறியது. அன்று ஏறக்குறைய எல்லாக் கழகமும் முகம் திருப்பிக்கொண்ட யோசனை அது. 2021இல் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு வாஸ்கோ, பொட்டாஃபோகோ, குருசேரோ எல்லாம் வரிசையில் நின்று நிறுவனங்களாக மாறின. ஜீக்கோவின் ஃபிளமெங்கோ மட்டும் இன்றும் உறுப்பினர் கழகமாகவே இருக்கிறது.

இப்போது காஷிமா. 1991இல் அவருக்கு வயது 38. அழைத்தது சுமிடோமோ மெட்டல்ஸ் என்ற உருக்கு நிறுவனத்தின் அணி; ஜப்பானில் இரண்டாம் பிரிவு. வீரர்கள் ஆலைப் பணியாளர்கள். வேலை முடித்துவிட்டு வந்து பந்தாடுவார்கள். ஊரில் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. தொழில்முறை லீக் ஒன்று தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டு இவர்களும் விண்ணப்பித்தபோது, லீக்கை உருவாக்கிக்கொண்டிருந்த கவாபுச்சி 99.9999 சதவீதம் நடக்காது என்று சொல்லிவிட்டார். 15,000 பேர் உட்காரும் கூரைபோட்ட கால்பந்து மைதானம் கட்டினால் யோசிக்கலாம் என்பதும் தட்டிக்கழிக்கச் சொன்னதுதான். இவர்கள் கட்டியேவிட்டார்கள்.

உலகப் புகழ் வாய்ந்தவர்கள் ஓய்வுக்கு முன் கொஞ்சம் காசு பார்க்கத் தூரதேசம் போவது இன்று வாடிக்கை. ஜீக்கோ போனது அப்படி இல்லை. இரண்டாம் பிரிவில் அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்ததே அவர்தான். அதோடு நிற்காமல் எல்லாவற்றிலும் தலையிட்டார். லீக் தொடங்குமுன் இத்தாலிக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் குரோஷியாவிடம் 8-1 என்று தோற்றபோது அவர் கொதித்த கொதிப்பைக் கழகத்தில் இன்றும் பேசுகிறார்கள். இரண்டு மாதம்கூட இல்லை லீக் தொடங்க. தோல்வியைச் சிரித்து மழுப்பும் அணி தேறாது என்பது அவர் கட்சி. 1993 மே 16, முதல் லீக் ஆட்டம். எதிரணி நாகோயாவில் இங்கிலாந்தின் கேரி லினெகர். காஷிமா 5, நாகோயா 0. நாற்பது வயது ஜீக்கோ ஹாட்ரிக். லீக் வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அதுதான். வரவே முடியாது என்ற கழகம் அந்த ஆண்டின் முதல் கட்டத்தை வென்றது.

தோற்பது பிடிக்காமல் போன மனிதர் எல்லை மீறியதும் உண்டு. 1994 ஜனவரியில் வெர்டி கவாசாகியோடு சாம்பியன்ஷிப் ஆட்டம். எதிரணிக்குப் பெனால்ட்டி கொடுத்த நடுவர்மேல் ஆத்திரம். நேராகப் போய், அடிப்பதற்கு வைத்திருந்த பந்தின்மேல் துப்பினார். வெளியேற்றப்பட்டார். சாரியாவில் சட்டை கிழிந்தபோதுகூட அமைதி காத்தவர் இவர்! அசிங்கமான செயல்தான், நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் காஷிமா ரசிகர்களுக்கு அன்று ஒன்று புரிந்தது: இந்த மனிதர் இங்கே பொழுதுபோக்க வரவில்லை.

அர்ப்பணிப்பு, நேர்மை, மரியாதை. இந்த மூன்று சொற்களை 'ஜீக்கோவின் ஆவி' என்று காஷிமா தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. அவர் 1994இல் ஆட்டத்தை நிறுத்திய பிறகும் பிரேசிலியப் பயிற்சியாளர்கள் வரிசையாக வந்தார்கள். அண்ணன் எடுவும் வந்தார். 2000ஆம் ஆண்டு வந்தவர் டோனினோ செரேசோ. ஆம், சாரியாவில் அந்தப் பந்தைக் குறுக்கே தள்ளி ரோஸியிடம் கொடுத்த அதே செரேசோ. அந்த ஆண்டே லீக், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றையும் காஷிமா வென்றது. ஜப்பானில் அதற்குமுன் யாரும் செய்யாதது. 2007, 2008, 2009 மூன்று ஆண்டும் தொடர்ந்து லீக் பட்டம். 2016க்குள் பட்டங்கள் எட்டு. அழகான கால்பந்துக்கு ஜப்பானில் வேறு கழகங்களைக் காட்டுவார்கள். காஷிமாவைப் பற்றிச் சொல்வது, 1-0 என்று முன்னே போய்விட்டால் பந்தை மூலைக்கொடியருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்றுவிடுவார்கள் என்பது. அதற்குப் போர்த்துகீசியச் சொல் ஒன்றையே ஜப்பானியர் வைத்திருக்கிறார்கள்: மலீசியா. நம் பேச்சில் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம், கள்ளத்தனம் என்றும் சொல்லலாம்.

பயிற்சியாளராக அவருடைய கணக்கு ஏற்ற இறக்கம்தான். ஜப்பானுக்கு 2004 ஆசியக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். 2006 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 84ஆவது நிமிடம்வரை முன்னிலையில் இருந்துவிட்டு 3-1 என்று சறுக்கினார். கடைசி ஆட்டத்தில் தன் தாய்நாட்டிடமே 4-1. துருக்கியின் ஃபெனர்பாசேவை 2008இல் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிவரை கொண்டுபோனார். உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, கிரீஸ், ஈராக், கத்தார் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, 2014இல் வந்து இறங்கிய இடம் கோவா.

போர்த்துகீசியம் முற்றாக அழிந்துவிடாத ஊர் அது, பொருத்தமான இடம்தான். எஃப்சி கோவா 2015 டிசம்பர் 20 அன்று சொந்த மைதானமான ஃபட்டோர்டாவில் இறுதிப்போட்டி ஆடியது. எதிரணி சென்னையின் எஃப்சி. மழை வெள்ளத்தில் நகரம் மூழ்கியதால் அரையிறுதியின் சொந்தமண் ஆட்டத்தையே புனேவில் ஆடிவிட்டு வந்த அணி. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. தொண்ணூறாவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கைபட்டே ஒரு சுயகோல். அதற்கு அடுத்த மூச்சில் மெண்டோசாவின் கோல். 3-2. சென்னைப் பயிற்சியாளர் மார்க்கோ மடெராஸி. இத்தாலியர். நம் ஊர்க்காரர்கள் பட்டாசு வெடித்த அந்த இரவில், முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு இத்தாலியரிடம் அதே 3-2 என்று தோற்ற மனிதரை நினைத்து எனக்கு மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அடுத்த ஆண்டு கோவா கடைசி இடம். அத்தோடு கிளம்பினார். இடையே ஃபிஃபா தலைவர் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டு, முன்மொழிய ஐந்து நாடுகள் கிடைக்காமல் போனதும் இந்தக் காலத்தில்தான்.

2018இல் காஷிமா அவரைத் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்ப அழைத்தது. 65 வயது. ஊர் மாறியிருந்தது. 15,000 இருக்கை மைதானம் 2002 உலகக் கோப்பைக்காக 40,000 ஆகியிருந்தது. சுமிடோமோ மெட்டல்ஸ் வேறொரு உருக்கு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. அடுத்த ஆண்டு கழகத்தின் பெரும்பங்கை, கைப்பேசியில் பழைய பொருள் விற்கும் செயலியை நடத்தும் மெர்காரி வாங்கியது. அவர் கால்பட்ட சாரியா மைதானமோ 1997இலேயே இடித்துத் தரைமட்டமாகிவிட்டது.

அந்த 2018இல் காஷிமா முதன்முறையாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனது. முதல் ஆட்டத்தில் ஈரானின் பெர்செபோலிஸை 2-0 என்று வென்றுவிட்டு, நவம்பர் 10 அன்று டெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். கூட்டம் நிரம்பி வழிந்தது. டிரா செய்தால் போதும்.

ஆட்டம் 0-0 என்று முடிந்தது.